நூற்றுக்கு நூறு வேண்டாம்: பச்சிளம் குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது

குறைமாதக் குழந்தைகள் வார்டில் மானிட்டர் 100 காட்டினால், பக்கத்தில் நிற்கும் அப்பாவின் முகம் மலர்ந்துவிடும். நூற்றுக்கு நூறு என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் மூக்கில் ஆக்சிஜன் குழாய் உள்ள குறைமாதக் குழந்தைக்கு அந்த எண் வந்தால், விஷயம் தெரிந்த தாதி எழுந்து வந்து ஆக்சிஜனைக் குறைப்பார். “மிஸி, நல்லாத்தானே காட்டுது, ஏன் குறைக்கிறீங்க?” கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. டாக்டர்களின் ரவுண்ட்ஸ் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடந்து முடிந்துவிடுகிறது; பதில் பாட்டி வரை போய்ச் சேருவதில்லை. வார்டுக்குப் புதிதாக வந்த தாதியர், ஹவுஸ்மேன்கள் எனப்படும் பயிற்சி மருத்துவர்கள், குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோகும் குடும்பத்தார் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வார்டில் இரண்டு சதவீதங்கள் புழங்குகின்றன. ஒன்று, குழந்தைக்குப் போகும் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்பது. நாம் எல்லோரும் சுவாசிக்கும் காற்றில் அது 21. சுவரில் உள்ள ஆக்சிஜன் முனையிலிருந்து வருவது ஏறக்குறைய 100. இன்னொன்று சாச்சுரேஷன். இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பதை அது சொல்கிறது. “இப்ப 30-ல இருக்கு” என்று டாக்டர் சொன்னால் அது முதல் எண், நல்ல செய்தி. அதைச் சாச்சுரேஷன் என்று எண்ணி அழுத தாய்மார்கள் உண்டு. முதலாவது மருந்தின் அளவு, இரண்டாவது அந்த மருந்து செய்த வேலை. குடும்பத்தாரிடம் எந்த எண்ணைச் சொன்னாலும் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சாச்சுரேஷன் 95-ஐத் தாண்டும்போது ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட நிரம்பிவிடுகிறது. அதற்குமேல் இரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் 100 மி.மீ. பாதரசமாக இருந்தாலும் 300 ஆக இருந்தாலும் மானிட்டர் அதே 99, 100 என்றுதான் காட்டும். நிரம்பிய குடத்தைப் பார்த்து எவ்வளவு வழிந்தது என்று சொல்ல முடியாதல்லவா, அதுபோல. குறைமாதக் குழந்தைக்கு அந்த அழுத்தம் 50 முதல் 80-க்குள் இருந்தால் போதும். வழிவது எங்கே போய்ச் சேதம் செய்கிறது என்றால், முக்கியமாகக் கண்ணில்.

விழித்திரையின் இரத்தக்குழாய்கள் கரு 16 வாரமாக இருக்கும்போது, பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்திலிருந்து கிளம்பி ஓரத்தை நோக்கி வளர்கின்றன. மூக்குப் பக்க ஓரத்தை எட்ட ஏறக்குறைய 36 வாரம், காதுப் பக்க ஓரத்தை எட்ட 40 வாரம் ஆகும். தாயின் வயிற்றுக்குள் ஆக்சிஜன் குறைவு. அந்தக் குறைவுதான் குழாய்களை வளரத் தூண்டுகிறது. 28 வாரத்தில் வெளியே வந்துவிட்ட குழந்தைக்கு ஆக்சிஜன் மிகுந்தால், குழாய்களை வளர்க்கும் விஇஜிஎஃப் என்ற புரதம் குறைந்து வளர்ச்சி நின்றுபோகும். சில வாரம் கழித்து, குழாய் எட்டாத பகுதிக்குப் பசி எடுக்கும். அப்போது அதே புரதம் அளவு மீறிச் சுரந்து, ஒழுங்கற்ற, கசியும் குழாய்களை முளைக்க வைக்கும். அவை தழும்பாகி விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடலாம். இதைத்தான் வார்டில் ஆர்ஓபி என்கிறோம். சேதம் ஆக்சிஜன் கூடும் நாளில் தெரியாது, வாரக்கணக்கில் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் இந்தத் தவறை யாரும் தன் தவறாக உணர்வதில்லை.

இந்தப் பாடத்துக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1942-இல் பாஸ்டன் கண் மருத்துவர் தியோடர் டெர்ரி இந்த நோயை விவரித்தார். 1951-இல் மெல்பர்னில் கேட் கேம்பல் இதற்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டினார். 1953-54-இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதிசெய்தது. அதற்குள் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தனர். பயந்துபோன மருத்துவர்கள் ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தினார்கள்; கண்கள் தப்பின, குழந்தைகள் இறந்தன. ஒரு பார்வை காக்கப்பட்டதற்கு ஏறக்குறைய 16 உயிர்கள் போயிருக்கும் என்று 1973-இல் பிரிட்டனில் ஒரு மதிப்பீடு வெளியானது. ஆகவே “ஆக்சிஜன் கண்ணைக் கெடுக்கும், வேண்டாம்” என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்க முடியாது.

எங்கே நிறுத்துவது என்பதற்கு 2010-இல் வெளியான சப்போர்ட் ஆய்வு நல்ல விளக்கம். 24 முதல் 27 வாரத்தில் பிறந்த 1,316 குழந்தைகளில் ஒரு பாதிக்கு 85-89, மறு பாதிக்கு 91-95 என்று சாச்சுரேஷன் இலக்கு வைத்தார்கள். கடுமையான ஆர்ஓபி தாழ்ந்த இலக்கில் 8.6 சதவீதம், உயர்ந்த இலக்கில் 17.9. ஆனால் இறப்பு தாழ்ந்த இலக்கில் 19.9, உயர்ந்த இலக்கில் 16.2. கண்ணுக்கு மருத்துவம் இருக்கிறது, உயிருக்கு இல்லை. அதனால்தான் ஆக்சிஜனில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு இன்று பெரும்பாலான வார்டுகளில் 90 முதல் 94 அல்லது 95 வரை இலக்கு வைக்கிறார்கள். அலாரத்தின் கீழ் எல்லை 89, மேல் எல்லை 95 அல்லது 96. உங்கள் வார்டு எழுதிவைத்த வரம்பு எதுவோ, அதைத் தொட்டிலிலேயே ஒட்டிவையுங்கள்.

இதெல்லாம் கூடுதல் ஆக்சிஜன் வாங்கும் குழந்தைக்குத்தான். சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டே 99, 100 காட்டும் குழந்தைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. அங்கே வழிய ஒன்றுமில்லை.

பிறந்த முதல் பத்து நிமிடம்

பிறந்ததும் குழந்தை ரோஜா நிறமாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே பல தவறுகளுக்கு முதல் காரணம். வயிற்றுக்குள் அதன் சாச்சுரேஷன் 60-ஐ ஒட்டித்தான் இருந்தது. ஆரோக்கியமான குழந்தையே 90-ஐ எட்டச் சில நிமிடம் எடுக்கும். பிறந்த குழந்தைக்கு மூச்சு மீட்டுக்கொடுக்கக் கற்பிக்கும் என்ஆர்பி பயிற்சியில் சொல்லும் சாச்சுரேஷன் அட்டவணை இது: 1 நிமிடத்தில் 60-65, 2-இல் 65-70, 3-இல் 70-75, 4-இல் 75-80, 5-இல் 80-85, 10-இல் 85-95. இரண்டாவது நிமிடத்தில் 68 பார்த்துப் பதறி ஆக்சிஜன் குழாயை முகத்தில் பிடிக்கத் தேவையில்லை.

சாச்சுரேஷனை அளக்கும் புரோபை வலது கையில்தான் கட்ட வேண்டும். மூளைக்குப் போகும் இரத்தத்தின் அளவை அந்தக் கைதான் காட்டும். இடது கையிலும் காலிலும், வயிற்றுக்குள் நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைத்திருந்த டக்டஸ் என்ற குழாய் வழியாக வரும் நீல இரத்தம் கலந்திருக்கலாம். முதலில் குழந்தையின் கையில் சுற்றிவிட்டு, பிறகு கேபிளை மானிட்டரில் செருகினால் எண் சீக்கிரம் வரும்.

35 வாரமும் அதற்கு மேலும் ஆன குழந்தைக்கு மூச்சு கொடுக்கத் தொடங்குவது 21-இல், அதாவது வெறும் காற்றில். 2010 முதல் சர்வதேச வழிகாட்டுதல் இதுதான். 100-இல் தொடங்கியதைவிடக் காற்றில் தொடங்கியபோது அதிகக் குழந்தைகள் பிழைத்தன என்று பல ஆய்வுகள் சேர்ந்து காட்டின. அதற்குக் குறைந்த வாரத்தில் பிறந்தால் 21 முதல் 30 என்று நீண்ட காலம் சொல்லிவந்தோம். 32 வாரத்துக்கு முந்தியவர்களுக்கு 30-க்குக் குறையாமல் தொடங்கச் சொல்வது இப்போது வலுத்துவருகிறது. எதில் தொடங்கினாலும் அட்டவணையைப் பார்த்து ஏற்றி இறக்க வேண்டும்.

இதயத்துடிப்பு ஏறவில்லை என்றால் ஆக்சிஜனைக் கூட்ட ஓடாதீர்கள். நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள். மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறதா, கழுத்து மடங்கியிருக்கிறதா, வாயில் சளி அடைத்திருக்கிறதா, வாய் மூடியிருக்கிறதா, அழுத்தம் போதவில்லையா என்ற வரிசையில் சரிசெய்யுங்கள். நுரையீரலுக்குள் போகாத 100 சதவீதத்தால் பயனில்லை, போய்ச் சேர்ந்த 21 பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றிவிடும். துடிப்பு 60-க்குக் கீழேயே நின்று நெஞ்சை அழுத்தத் தொடங்கினால் 100-க்கு ஏற்றுங்கள். துடிப்பு மீண்டதும் இறக்குங்கள். ஏற்றுவது எல்லோருக்கும் நினைவிருக்கிறது, இறக்குவதுதான் மறந்துபோகிறது.

கையால் பிழிந்து மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக் பற்றி ஒரு வார்த்தை. பின்னால் ரிசர்வாயர் பை இருந்தால் 90-100 சதவீதம் போகும். பையைக் கழற்றினால் ஏறக்குறைய 40. ஆக்சிஜன் குழாயையே மாட்டாவிட்டால் 21. பையைப் பிழியாமல் மாஸ்கை மட்டும் முகத்தருகே பிடித்தால் அநேகமாக ஒன்றும் போகாது.

மூக்கிலிருந்து சுவர் வரை

ஷிப்ட் மாறும்போது ஆக்சிஜனைச் சோதிக்க எளிய வழி, குழந்தையின் மூக்கில் தொடங்கிக் குழாயைத் தடவிக்கொண்டே சுவர் வரை போவதுதான். சுவரில் தொடங்கினால் பாதியில் யாராவது கூப்பிடுவார்கள், குழந்தை வரை வராமலே போய்விடும்.

மூக்கில்: நேசல் பிராங் (மூக்கில் செருகும் சிறு குழாய்) துவாரத்தின் பாதியை மட்டும் அடைக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் உள்ளே அழுத்தம் கூடும், தோலும் புண்ணாகும். கன்னத்தில் முதலில் மெல்லிய பாதுகாப்புத் தோல்பட்டை ஒட்டி, அதன்மேல் டேப் ஒட்டினால் கழற்றும்போது தோல் உரியாது. பிராங் நழுவிக் கன்னத்தில் கிடப்பதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் கங்காரு பராமரிப்பில் குழந்தையை நெஞ்சில் வைத்திருக்கும் அம்மாதான். அவரிடம் சொல்லிவைத்தால் இன்னொரு ஜோடிக் கண் கிடைக்கும்.

புரோபில்: மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் இருக்கும் குழந்தைக்குப் புரோபைத் துணியால் மூட வேண்டும், வெளிச்சம் எண்ணைக் குழப்பும். அந்த நீல வெளிச்சத்தில் குழந்தையின் நிறமும் தெரியாது. நிறம் பார்க்க விளக்கை ஒரு நிமிடம் அணையுங்கள். மானிட்டரில் துடிப்பு அலை ஒழுங்காக ஓடாமல் வரும் எண்ணை எழுதாதீர்கள். தோல் கறுப்பாக இருந்தால் ஆக்சிமீட்டர் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் பதிவாகியிருக்கிறது. நம் பிள்ளைகள் பலருக்கு இது பொருந்தும். இரத்த வாயுப் பரிசோதனை எடுக்கும்போதெல்லாம் மானிட்டர் எண்ணையும் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

குழாயில்: மெல்லிய ஓட்டத்தில் ஒரு துளித் தண்ணீர் தேங்கினாலே போதும், ஆக்சிஜன் போகாது. குழாயைத் தாழ்வாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேதான் சேரும்.

ஹியூமிடிஃபையரில் (ஆக்சிஜனை ஈரமாக்கும் தண்ணீர் பாட்டில்): மூடி ஒரு புரி தவறித் திருகப்பட்டிருப்பது நாங்கள் அதிகம் பார்க்கும் கோளாறு. ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டரில் உருண்டை மிதக்கும், ஆக்சிஜன் மூடி வழியாக வெளியேறிவிடும். குழந்தைப் பக்கக் குழாயை ஒரு நொடி மடக்கிப் பிடியுங்கள். குமிழி நின்று, பாதுகாப்பு வால்வு விசிலடித்தால் கசிவில்லை. குமிழி தொடர்ந்து வந்தால் எங்கோ கசிகிறது. உள்ளே ஸ்டெரைல் தண்ணீர் மட்டும் ஊற்றி, தினமும் மாற்ற வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குள் பிராங்கில் கொடுக்கும்போது பெரும்பாலும் குமிழி ஹியூமிடிஃபையர் தேவைப்படாது. அழுக்குத் தண்ணீர் வைப்பதைவிட வைக்காமலிருப்பது மேல். மூக்கில் அதிக ஓட்டத்தில் கொடுக்கும் ஹைஃப்ளோவும், இடைவிடாத அழுத்தம் கொடுக்கும் சிபாப்பும் வேறு, அவற்றுக்குச் சூடாக்கிய ஈரப்பதம் கட்டாயம்.

ஃப்ளோமீட்டரில்: உருண்டையின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. 15 லிட்டர் மீட்டரில் கால் லிட்டர் வைக்க முயல்வது கண்ணை மூடிக்கொண்டு உப்புப் போடுவது மாதிரி. ஒரு லிட்டர் வரை மட்டும் காட்டும் சின்ன மீட்டர் வேண்டும். இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், பிராங்கில் போகும் லிட்டர் எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு மருந்தாக ஆவதில்லை. பச்சிளம் குழந்தை மூச்சை உள்ளிழுக்கும் வேகம் கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு லிட்டர். இரண்டரைக் கிலோ குழந்தைக்கு அரை லிட்டர் தூய ஆக்சிஜன் கொடுத்தால் அது இழுப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன், மீதி அறைக் காற்று. கலந்து பார்த்தால் ஏறக்குறைய 37 சதவீதம். அதே அரை லிட்டரை ஒரு கிலோ குழந்தைக்குக் கொடுத்தால் பாதிக்குப் பாதி, 60 சதவீதம். ‘அரை லிட்டர்தானே’ என்று சொல்லும் முன் எடையைப் பார்க்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு, காற்றையும் ஆக்சிஜனையும் கலக்கும் பிளெண்டர் வழியாகக் கலந்த காற்றைப் பிராங்கில் கொடுப்பதே நல்லது.

பிளெண்டரில்: திருகும் குமிழ் 30 என்று சொன்னால் நம்பாமல் ஆக்சிஜன் அனலைசரால் அளந்து பாருங்கள். அனலைசரை முதலில் அறைக் காற்றில் 21-க்கும், தூய ஆக்சிஜனில் 100-க்கும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். காற்று, ஆக்சிஜன் இரண்டில் ஒன்றின் அழுத்தம் விழுந்தால் பிளெண்டர் கூவும். காற்று நின்றுபோயிருந்தால் குழந்தைக்குப் போவது முழு ஆக்சிஜன். அந்தச் சத்தத்தை அடக்கிவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது.

பிளெண்டர் இல்லாத இடத்தில் இரண்டு ஃப்ளோமீட்டரை ஒய் இணைப்பில் சேர்த்துக் கலக்கலாம். மொத்தம் 10 லிட்டருக்குக் கணக்கு: 30 சதவீதத்துக்கு ஆக்சிஜன் 1.1, காற்று 8.9. 40-க்கு 2.4, 7.6. 50-க்கு 3.7, 6.3. 60-க்கு 4.9, 5.1. மொத்தம் 5 லிட்டர் போதுமென்றால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். குழந்தையின் தலையை மட்டும் மூடும் தலைப்பெட்டி வைக்கும்போது கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 முதல் 3 லிட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் குழந்தை தான் வெளிவிட்ட கரியமில வாயுவையே மீண்டும் இழுக்கும். அனலைசர் முனையைப் பெட்டிக்குள் குழந்தையின் வாயருகே வையுங்கள், மேல் மூலையில் வைத்தால் எண் பொய் சொல்லும்.

கூட்டிய கை

எங்கள் அனுபவத்தில், அதிக ஆக்சிஜன் யாருடைய முடிவாலும் தொடர்வதில்லை. குழந்தைக்கு மூச்சு நின்று அலாரம் அடிக்கும். ஓடிவந்தவர் 30-இலிருந்து 60-க்குத் திருப்புவார். குழந்தை மீளும், 98 காட்டும், பக்கத்துத் தொட்டில் அழும். அரை மணி கழித்தும் குமிழ் 60-இலேயே இருக்கும். மேல் அலாரம் 100-இல் வைக்கப்பட்டிருந்தால் அதைச் சொல்லித்தர யாருமில்லை. ஒரு குழந்தைக்கு ஒரு நாளில் இப்படிப் பத்து முறை நடக்கலாம்.

இதற்கு ஒரே விதி: கூட்டியவர்தான் குறைக்க வேண்டும். குறைத்து முடியும் வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தே ஆக வேண்டுமென்றால், “அக்கா, பெட் 4-க்கு 60 வைச்சிருக்கேன், முன்னாடி 30, நீங்க எறக்குங்க” என்று பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்து, அவர் ‘சரி’ என்ற பிறகே போக வேண்டும்.

சாச்சுரேஷன் விழும்போது குமிழுக்கு முன் குழந்தையைப் பாருங்கள். மூச்சு விடுகிறதா? இல்லையென்றால் தொட்டுத் தூண்டுங்கள், கழுத்தை நேராக்குங்கள், தேவைப்பட்டால் அது இருந்த அதே ஆக்சிஜன் அளவில் மூச்சு கொடுங்கள். மூச்சு விடுகிறது, நிறமும் நன்றாக இருக்கிறது என்றால் புரோப் நழுவியிருக்கும். சிபாப் பிராங் மூக்கில் இருக்கிறதா, பாட்டிலில் குமிழி வருகிறதா, வாய் திறந்து அழுத்தம் போய்விட்டதா என்று பாருங்கள். இவையெல்லாம் சரி, ஆனாலும் எண் ஏறவில்லை என்றால் 5 புள்ளி கூட்டுங்கள். அரை நிமிடமாவது காத்திருந்து பிறகு அடுத்த 5. 90-ஐத் தாண்டி நிலைத்ததும் 2 முதல் 5 புள்ளியாக இறக்குங்கள். சளி உறிஞ்சும் முன் கூட்டுவதும் 5 அல்லது 10 புள்ளிக்கு மேல் வேண்டாம்.

சாச்சுரேஷன் சரியாக இருக்கிறது என்று எழுதுவது மட்டும் போதாது. அந்த எண்ணுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்பட்டது என்று பக்கத்தில் எழுதுங்கள். 92 என்பது மாறாமல் இருக்க, ஆக்சிஜன் 25-இலிருந்து 45-க்கு ஏறியிருந்தால் குழந்தை மோசமாகிக்கொண்டிருக்கிறது. கிருமித்தொற்று, நுரையீரல் உறை கிழிந்து காற்று கசிவது, டக்டஸ் திறந்திருப்பது என்று ஏதாவது ஒன்று அங்கே பேசுகிறது.

இன்னொன்று: எவ்வளவு கூட்டினாலும் ஏறாத சாச்சுரேஷன். மூச்சுத் திணறல் அதிகமில்லாமல், அமைதியாக, நீலமாக இருக்கும் நிறைமாதக் குழந்தை என்றால் இதயத்தை நினையுங்கள். வலது கைக்கும் காலுக்கும் புரோப் வைத்து ஒப்பிடுங்கள். சில இதயக் குறைகளில் டக்டஸ் திறந்திருந்தால்தான் குழந்தை உயிரோடிருக்கும். அதிக ஆக்சிஜன் அந்த டக்டஸை மூடத் தூண்டும், நுரையீரலுக்குப் போகும் இரத்தத்தையும் அளவு மீறிப் பெருக்கும். அத்தகைய குழந்தைகளில் பலருக்கு 75-85 தான் இலக்கு. கோலாலம்பூரில் ஐஜேஎன் (தேசிய இதய மருத்துவமனை) போன்ற இடத்துக்கு அனுப்பும் முன் நிபுணரிடம் தொலைபேசியில் கேட்டு அளவை முடிவுசெய்ய வேண்டும்.

பாலம் தாண்டும்போது

பினாங்கில் பெருநிலத்திலிருந்து தீவு மருத்துவமனைக்குக் குழந்தையைக் கொண்டுபோகும்போது முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், இரண்டாவது 24. நெரிசலில்லாத நேரக் கணக்கை வைத்துச் சிலிண்டர் ஏற்றக் கூடாது. பாலத்தில் விபத்து நடந்தால் திரும்பவும் முடியாது.

‘ஈ’ (E) என்ற அளவுள்ள சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது 137 பாரில் 680 லிட்டர் கொள்ளும். மானி பாதியில் நின்றால் 340. நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓடினால் நிரம்பியது 85 நிமிடம் வரும், பாதி 42 நிமிடம். பயணம் ஒன்றரை மணி வரை இழுக்கலாம் என்று வைத்தால் 720 லிட்டர், தாமதத்துக்கும் சேர்த்து இரட்டிப்பாக 1,440. ஆக, மூன்று முழுச் சிலிண்டர். உடல் கறுப்பாகவும் தோள் வெள்ளையாகவும் இருப்பது ஆக்சிஜன். ஆனாலும் லேபிளைப் படியுங்கள். மாட்டும் முன் ரெகுலேட்டரில் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாமல் எவ்வளவு இறுக்கினாலும் சீறும். எண்ணெய்க் கையோடோ, சானிடைசர் காயாத கையோடோ தொடக் கூடாது.

பலர் விடுவது இது: காற்றுச் சிலிண்டரும் பிளெண்டரும் ஆம்புலன்ஸில் இல்லையென்றால், வார்டில் 30-இல் இருந்த குழந்தை வழியெல்லாம் 100-இல் போகும். ரிசர்வாயரைக் கழற்றுவது, ஓட்டத்தைக் குறைப்பது என்று எதைச் செய்ய முடியும் என்பதைப் புறப்படும் முன்பே முடிவுசெய்து, புரோபையும் மேல் அலாரத்தையும் வழியிலும் வேலை செய்ய விடுங்கள். சில பிளெண்டர்கள் மாட்டியிருக்கும் வரை சும்மா இருக்கும்போதும் வாயுவைக் கசியவிடும். தயாராக வைக்கும் வண்டியில் குழாயைக் கழற்றி, சிலிண்டரை மூடிவையுங்கள்.

கண் பரிசோதனையும் பத்தியமும்

மலேசியாவில் 1,500 கிராமுக்குக் குறைந்த எடையிலோ 32 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு, பிறந்து 4 முதல் 6 வாரத்துக்குள் முதல் ஆர்ஓபி பரிசோதனை செய்ய வேண்டும். பெரிய குழந்தையாக இருந்தும் நிறைய ஆக்சிஜன் வாங்கியிருந்தால் மருத்துவர் சேர்த்துக்கொள்வார். 31 வாரத்தில் பிறந்து 35-இல் வீடு திரும்பும் குழந்தைக்கு அந்தத் தேதி சரியாக வீட்டுக்குப் போன வாரத்தில் வந்து நிற்கும். அப்போதுதான் “பத்தியம் முடியட்டும், 40 நாளைக்குப் பிள்ளைய வெளிய எடுக்காதீங்க” என்று வீட்டில் சொல்வார்கள். அவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நோய் காத்திருக்காது: சிகிச்சை தேவைப்படும் கட்டத்தை எட்டினால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசரோ ஊசியோ செய்துவிட வேண்டும். வெளியே பார்க்கக் கண் அழகாகத்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் நாளில் பாட்டியையும் பக்கத்தில் உட்காரவைத்து, “பாட்டி, இந்தத் தேதிய மட்டும் தள்ளிப் போட்டுடாதீங்க, பேரப்பிள்ளைக்குப் பார்வை போயிரும்” என்று தமிழில் சொன்னால் அவரே தேதியை நினைவுபடுத்துவார். குழாய்கள் ஓரம் வரை வளர்ந்துவிட்டன என்று கண் மருத்துவர் சொல்லும்வரை அடுத்தடுத்த தேதிகளும் கட்டாயம்.

வீட்டுக்கு வந்த சிலிண்டர்

நுரையீரல் முழுதாகத் தேறாத சில குழந்தைகள் ஆக்சிஜனோடுதான் வீடு வருகின்றன. அதற்குள் விழித்திரை பெரும்பாலும் முதிர்ந்திருக்கும். மருத்துவர் வேறு சொல்லாவிட்டால், வீட்டில் 93-க்குக் குறையாமல் இருப்பதுதான் வழக்கமான இலக்கு. குறைவாக இருந்தால் எடை ஏறாது, நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்தமும் கூடும். கோவிட் காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரைக் குழந்தையின் கட்டைவிரலில் மாட்டிப் பார்க்காதீர்கள். அது பெரியவர் விரலுக்கு அளந்தது, எண் பொய்யாக வரும்.

அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் கான்சென்ட்ரேட்டர் தருவது ஏறக்குறைய 93 சதவீத ஆக்சிஜன். சுவரிலிருந்து ஓரடி தள்ளி, எக்ஸ்டென்ஷன் வயர் இல்லாமல் நேராக பிளக்கில் மாட்டி, வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். கோலாலம்பூரில் மாலை இடிமழைக்கு மின்சாரம் டிரிப் ஆவது புதிதல்ல. ஆகவே மாற்றுச் சிலிண்டர் ரெகுலேட்டர் மாட்டிய நிலையில் தயாராக இருக்க வேண்டும். கால் லிட்டர் ஓட்டத்தில் ஒரு ஈ சிலிண்டர் 45 மணி நேரம் வரும். பதற்றம் வேண்டாம், மாற்றத் தெரிந்தால் போதும். அதை வார்டிலேயே அம்மா, அப்பா இருவரும் கையால் செய்து பழகிவிட்டுப் போகட்டும்.

நெருப்பு விஷயத்தில் நம் வீட்டுப் பழக்கங்களையே நேராகப் பேச வேண்டும். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எரிவதைப் பல மடங்கு வேகமாக்கும். குழந்தையின் துணியிலும் மெத்தையிலும் ஊறி நிற்கும். குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணி காட்டக் கூடாது. தணலும் ஆபத்து, புகை இந்த நுரையீரலுக்கு ஆகவும் ஆகாது. சாமி விளக்கு, ஊதுபத்தி, காஸ் அடுப்பு எல்லாம் 3 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். தேங்காய் எண்ணெய், வயிற்றுக்குத் தடவும் சூட்டு எண்ணெய், மூக்கோரம் வாசலின் எதுவும் குழாய் இருக்கும் முகத்துக்கும் அதைத் தொடும் கைக்கும் வேண்டாம். மூக்கு காய்ந்தால் தண்ணீரில் கரையும் ஜெல் கேளுங்கள். வீட்டுக்குள் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது, வெளியே பிடித்துவிட்டு வந்தாலும் சட்டை மாற்றிவிட்டுத் தூக்கட்டும். புகைமூட்டக் காலத்தில் ஜன்னலை மூடிவையுங்கள். காரில் சிலிண்டரைக் கட்டிவைத்து, ஜன்னலைச் சற்றுத் திறந்து ஓட்டுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடாதீர்கள்.

நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் நீங்களாகக் குறைக்காதீர்கள். குழந்தை விழித்திருக்கும்போது 96 காட்டியது, பால் குடிக்கும்போதும் ஆழ்ந்து தூங்கும்போதும் 88-க்கு இறங்கலாம். அதனால்தான் நிறுத்தும் முன் இரவு முழுக்கப் பதிவுசெய்து பார்க்கிறார்கள். உதடு நீலமாவது, விலா எலும்பின் கீழ் குழி விழுவது, பால் குடிக்கும்போது நடுவில் விட்டுவிட்டு மூச்சு வாங்குவது இவற்றில் ஏதாவது வந்தால் மருத்துவர் எழுதிக்கொடுத்த அவசர அளவுக்குக் கூட்டிவிட்டு, அப்படியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கூட்டிவிட்டு வீட்டிலேயே காத்திருக்க வேண்டாம். ஆக்சிஜனை நிறுத்தச் சொன்ன பிறகும் கருவியை உடனே திருப்பிக் கொடுத்துவிடாமல் சில வாரம் வைத்திருங்கள். முதல் சளி பிடிக்கும்போது மறுபடி தேவைப்படும் குழந்தைகள் உண்டு.